வீட்டில் இருப்பவள்

மார்ச் 3

அன்புள்ள ராட்சசிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் உன்னைப் போலவே ஒருத்தி இருக்கிறாள்.

சிரிக்காதே அக்கா. ஜனவரியில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது பட்டறை முதலாளி உனக்குப் போன் செய்தாராம். கம்பெனி வேலையை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வருவதாக நீ சொன்னாயாம். ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உன் பெட்டி, உன் செருப்பு, பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற உன் பழக்கம், எல்லாம் இருக்கிறது. உன்னை உரித்து வைத்தாற்போல இருக்கிறாள். முதலாளி ஏமாந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏமாந்துவிட்டார்கள். என்னை ஏமாற்ற முடியுமா? ஊர் முழுக்கப் போலிக் கண் செய்து கொடுப்பவன் நான்.

ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டால், மிச்சமிருக்கிற கண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துத்தான் மாற்றுக் கண் தீட்டுகிறோம். வேலைக்குப் புதிதாக வருகிறவன் முதலில் என்ன செய்வான் தெரியுமா? பளிச்சென்று தெரிகிற புள்ளியைத்தான் முதலில் தீட்டுவான். உன் இடது கருவிழியில், கீழ்ப்பக்கம், பழுப்பாக ஒரு புள்ளி இருக்கிறதே, அது அவளுக்கும் இருக்கிறது. அதே இடம், அதே நிறம். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். நிஜக் கண் அவ்வளவு சரியாக இருக்காது அக்கா. பார்த்துச் செய்த கண்தான் அப்படி இருக்கும்.

"யாரு நீ?" என்று நேராகவே கேட்டேன்.

"டேய் வாலு, என்னடா கேள்வி இது?" என்றாள். 'வாலு' என்று கூப்பிடுவதைக்கூடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்!

நீ எங்கே இருக்கிறாய்? இன்னும் விடுதியில்தான் இருப்பாய் என்ற நம்பிக்கையில் அந்த விலாசத்துக்கே எழுதுகிறேன். போன் செய்யாதே. குரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உன் கோழிக் கிறுக்கலைத்தான் யாராலும் எடுக்க முடியாது. கடிதம் எழுது.

இப்படிக்கு,
வாலு


மார்ச் 11
(இதை அனுப்பப்போவதில்லை)

தம்பி,

நான் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ முன்னறையில் இருக்கிறாய். நாற்காலியை நீ நகர்த்துகிற சத்தம் இங்கே கேட்கிறது.

முன்னறையில் நீ எழுதிய கடிதம் பஸ், ரயில் எல்லாம் ஏறி என் பழைய விடுதிக்குப் போய், என் அறைத்தோழி கண்ணாடிக்காரி போனில் என்னைக் கேட்டு அதை வேறு உறையில் போட்டு மருந்துக்கடை விலாசத்துக்கு அனுப்பி, இன்று உனக்கு மாத்திரை வாங்கப் போனபோது கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். நடுவில் ஒரே ஒரு சுவர். ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

கடை வாசலிலேயே நின்று படித்தேன். என்னைப் பற்றி எனக்கே புகார் எழுதியிருக்கிறாய். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

உனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். "மனச்சிதைவுன்னு சொல்றோம். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆள் இருக்கறதுன்னு சினிமாவுல காட்டுவாங்களே, அது இல்லம்மா இது. பேரு ஒண்ணுதான், ஆளுக்கு ஆள் வேற மாதிரி வரும். சிலருக்குக் குரல் கேக்கும். சிலருக்கு எல்லார் மேலயும் சந்தேகம். சிலர் உக்காந்த இடத்துலயே மரம் மாதிரி உக்காந்திருப்பாங்க. சிலருக்குப் பேசணும், குளிக்கணும்கிற எண்ணமே வத்திப் போயிடும். ஒரே ஆளுக்கு இன்னிக்கு ஒண்ணு, அடுத்த வருஷம் வேற ஒண்ணுகூட வரலாம்" என்றார்.

"என்னை மட்டும் ஏன் டாக்டர்? முதலாளியை முதலாளிங்கறான், பால்காரரைப் பால்காரர்ங்கறான்."

"ரொம்பப் பிடிச்சவங்க மேலதான் இது வரும். உங்க முகம் அவருக்குத் தெரியுது. ஆனா முகத்தைப் பார்த்ததும் உள்ள ஒரு சூடு வரணும்ல, அது வரல. ஏன் வரலைன்னு மூளைக்குப் புரியல. அதனால அதுவே ஒரு கதை கட்டிக்குது. 'இவ அவ இல்ல'ன்னு. பொய்யின்னு சண்டை போடாதீங்க. ஆமான்னு ஒத்தும் ஊதாதீங்க. மாத்திரை மட்டும் நிக்கக் கூடாது. நின்னா திரும்ப முதல்லேர்ந்துதான்."

அந்த மாத்திரைதான் எனக்குக் கவலை. என் கையால் கொடுத்தால் நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்து, நான் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்புகிறாய். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தூரத்தில் இருக்கிற அக்கா சொன்னால் விழுங்குவாய் அல்லவா?

டாக்டரம்மா கூடாது என்று சொன்னதைத்தான் செய்யப்போகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.


மார்ச் 12

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் விடுதியில்தான் இருக்கிறேன். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. ஏற்றுமதிக்குப் போகிற சட்டைகளைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் தையல்தான் ஓடுகிறது. இப்போதைக்கு லீவு கிடைக்காது.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. அவளிடம் சண்டைக்குப் போகாதே. சமைத்துப் போட்டால் சாப்பிடு. உன்னை ஒன்றும் செய்ய மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை யார் கையால் கொடுத்தாலும் விழுங்கு. நான் கொடுப்பதாக நினைத்துக்கொள். சத்தியமாக நல்லதுக்குத்தான்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 24

அன்புள்ள ராட்சசிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. அதே கோழிக் கிறுக்கல்! உறையில் உங்கள் ஊர் முத்திரை! அவள்தான் தபால்காரரிடம் வாங்கி என் மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு, நான் பிரிக்கிறேனா என்று கதவோரம் நின்று பார்த்தாள். வெளியே போகச் சொன்னேன். போய்விட்டாள்.

மாத்திரையை விழுங்குகிறேன். நீ சொன்னதற்காக. வாய் காய்ந்துபோகிறது, காலையில் எழுந்திருக்க முடியவில்லை, ஆனாலும் விழுங்குகிறேன்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பட்டறையில் இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். ஆட்கள் இல்லை, குரல்கள். கண்கள் அடுக்கி வைத்திருக்கிற இழுப்பறைப் பக்கத்திலிருந்து வருகிறது. ரேடியோவில் வர்ணனை சொல்வார்களே, அது மாதிரி என்னைப் பற்றியே நாள் முழுக்க. "தூரிகை எடுக்கறான்." "எடுத்து என்ன கிழிக்கப் போறான்?" "தண்ணி குடிக்கறான் பாரு." சம்பளம் இல்லாமல் இப்படி உழைக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது இழுப்பறையைத் திறக்கவே பயமாக இருக்கிறது. திறந்தால் எல்லாக் கண்களும் என்னைப் பார்த்தபடியேதான் இருக்கின்றன. நான் கவிழ்த்து வைத்தவைகூட.

அவளைப் பற்றி. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. நீ அழுது நான் பார்த்ததே இல்லை. அம்மா செத்த அன்றுகூட வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். இதற்கு மேலும் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் பாவமாகவும் இருக்கிறது. யாரோ பெற்ற பெண். அவளுக்கும் எங்கேயாவது ஒரு தம்பி இருப்பானோ என்னவோ.

மதிய இடைவேளையில் உன் கண்ணைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். இடது கண். முழுக்க ஞாபகத்திலிருந்து. வெள்ளைவிழியில் ரத்த நாளத்துக்காகச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து ஒட்ட வேண்டும், அதுதான் மிச்சம். முடிந்ததும் அவள் தூங்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அப்போது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாலு


ஏப்ரல் 3

அன்புள்ள வாலுக்கு,

மாத்திரையை விழுங்குகிறாய் என்று படித்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. வாய் காய்ந்தால் அடிக்கடி தண்ணீர் குடி. மயக்கமாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொல், அளவை மாற்றித் தருவார்.

அந்த இரண்டு பேரைப் பற்றியும் டாக்டரிடம் அவசியம் சொல். அவர்கள் பேசுவது உனக்கு நிஜமாகவே கேட்கிறது, அதை நான் நம்புகிறேன். ஆனால் அவர்கள் சொல்வதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ என்று விட்டுவிடு.

கண் தீட்டுவதை நிறுத்து. தூங்குகிற ஒருத்தியின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பதெல்லாம் வேண்டாம். அவள் பயந்து கத்தினால் தெருவே கூடிவிடும். எனக்காக விட்டுவிடு.

ஆளும் கொஞ்சம் ஒழுங்காக இருக்கக் கூடாதா? அந்த நீலச் சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது, அதுவும் தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டா வேலைக்குப் போவது? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 15

என் அக்காவின் கையெழுத்தில் எழுதுகிறவருக்கு,

நீலச் சட்டை பிப்ரவரியில் வாங்கியது. என் அக்கா அதைப் பார்த்ததே இல்லை. பொத்தான் போன மாதம் அறுந்தது. கையில் கிடைத்ததை நானே தைத்தேன். தூரத்து ஊர் விடுதியில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தொங்குவது எப்படித் தெரியும்?

நாள் முழுக்க யோசித்தேன். அந்த இரண்டு பேரும் யோசிக்க உதவினார்கள். "இப்பத்தான் புரியுது இவனுக்கு" என்றான் ஒருவன். "ரொம்ப லேட்டு" என்றான் மற்றவன்.

முகத்தை எடுத்தாய், குரலை எடுத்தாய், கடைசியில் கையெழுத்தையும் எடுத்துவிட்டாய். எடுப்பதற்கு இனி அவளிடம் என்ன மிச்சம் இருக்கிறது? அவளை எங்கே வைத்திருக்கிறாய்? காலையில் இதைத்தான் உன்னிடம் கேட்டேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாய்.

என் அக்கா சொல்கிறாள் என்று நம்பி இத்தனை நாள் ஒவ்வொரு மாத்திரையாக விழுங்கினேன். யார் சொல்லி எதை விழுங்கினேன்? இனி ஒன்றுகூட விழுங்க மாட்டேன்.

நான் அந்த ஊருக்கே போகிறேன். விடுதியில் அவளைத் தேடுவேன். பின்னால் வராதே. வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.


ஏப்ரல் 17

தம்பி,

இதைக் கண்ணாடிக்காரி உன் கையில் கொடுப்பாள். படிக்காமல் கிழித்துவிடாதே.

பின்னால் வராதே என்று எழுதியிருந்தாய். வந்துவிட்டேன். விடுதிக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் வருகிறவர்கள் காத்திருக்கும் கூடம் தெரிகிறது. பெஞ்சில் நீ உட்கார்ந்திருப்பது தெரிகிறது. நேற்றிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொள்கிறாயாம். சாலையைத் தாண்டினால் உன்னிடம் வந்துவிடலாம். தாண்டினால் நீ எழுந்து ஓடிவிடுவாய், வருகிற வண்டியைப் பார்க்காமல் ஓடுவாய் என்று பயந்துகொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் சமையலறையில் உட்கார்ந்து எழுதியது நான்தான். கண்ணாடிக்காரி இங்கிருந்து தபாலில் போட்டாள். வீட்டில் இருப்பவளும் நான்தான், இங்கே இருந்தவளும் நான்தான். வேறு யாரும் இல்லை. பத்து வருஷமாகத் தையலையும் பொத்தானையும் பார்த்துப் பழகிய கண், உன் சட்டையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை, எழுதிவிட்டேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அவருக்கு நம்பிக்கையா இருந்தது ஒரே ஒரு இடம். அதையும் நீங்களே போய் உடைச்சிட்டீங்களேம்மா" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. நீ குணமாக வேண்டும் என்ற வெறியில் செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ மேஜைமேல் விட்டுப்போன கடிதம் பறக்காமலிருக்க, அதன் மேல் அந்தக் கண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தாய். முடித்துவிட்டாயா! நான் கேட்டும் நிறுத்தவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, என் இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதே. நீ தீட்டியதுதான் என் கண் மாதிரி இருந்தது. கண்ணாடியில் இருந்த கண் சிவந்து, வீங்கி, யாருடையதோ மாதிரி என்னைப் பார்த்தது. 'யாரு நீ?' என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பதில் வந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். நீ தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

ஆகவே என்னை நம்பு என்று கேட்க மாட்டேன். நான் உன் அக்கா என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடிக்காரியை உனக்குத் தெரியும், அவள் மேல் உனக்குச் சந்தேகம் இல்லை. அவளோடு இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போ. நான் உள்ளே வரமாட்டேன், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொள்கிறேன். உன்னை அப்படியே இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போடா, தயவுசெய்து போ.


மே 30

வீட்டில் இருப்பவருக்கு,

வணக்கம். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் இப்படி எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

டீக்கடையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் பல முறை படித்தேன். கணக்கு மாதிரி எல்லாம் சரியாக வருகிறது. இங்கே இருக்கிற டாக்டரும் அதையே சொல்கிறார். புது மருந்து. அந்த இரண்டு பேரும் இப்போது வெகு தூரத்தில் முணுமுணுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்றே கேட்பதில்லை. சில நாள் வருவதே இல்லை. பசிக்கிறது. பக்கத்துக் கட்டில்காரரோடு சீட்டு ஆடுகிறேன். அவர் மூன்று நாள் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நாலாம் நாள் எழுந்து என்னைத் தோற்கடிப்பார். அவருக்கும் எனக்கும் ஒரே நோய்தானாம். நம்ப முடிகிறதா?

நீங்கள் ஊருக்குத் திரும்பும்வரை தினமும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றதைப் பார்த்தேன். மழையிலும் நின்றீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

எல்லோரும் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மார்ச்சில் அப்படித் தெரியவில்லை. ஆனால் தெரிவது வேறு, மனசில் படுவது வேறு. ஜன்னல் வழியாக உங்கள் முகத்தைப் பார்த்தபோதெல்லாம், அவளைப் பார்த்தால் உள்ளே ஒன்று வருமே, அது இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நீங்கள் அவள் இல்லை. மன்னியுங்கள். "சிலருக்கு மெல்ல மெல்லத் திரும்ப வரும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துட்டே இருக்கும், அதோட வாழப் பழகிக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். நான் எந்த வகை என்று அவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். யாரோடு போகிறாய் என்று கேட்டார்கள். உங்களோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் கையால் மாத்திரை வாங்கி விழுங்குவேன், துப்ப மாட்டேன், அது சத்தியம். வயதில் மூத்தவர், என்னைத் தம்பி என்றே கூப்பிடுங்கள். கடைக்காரர்களெல்லாம் கூப்பிடுவதுதானே. உங்களை அந்த ஒரு சொல்லால் மட்டும் கூப்பிட என்னால் முடியாது. அதற்கு வருத்தப்படாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவின் அறையை அப்படியே விட்டுவையுங்கள். அதில் நீங்கள் படுக்க வேண்டாம். அவள் திடீரென்று வந்தால் படுக்க இடம் வேண்டும் அல்லவா?

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் சங்கடமாக இருக்கும் என்றால், நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். வழியில் சாப்பிட முட்டையும் ரொட்டியும் எடுத்து வருகிறேன். புது மருந்துக்கு வெறும் வயிறு ஆகாது. முதலாளி உங்களுக்காக வேலையை அப்படியே வைத்திருக்கிறார். அவசரமில்லை, உடம்பு தேறியபிறகு வந்தால் போதும் என்றார்.

அறையை இன்று காலி செய்துவிட்டேன். என் துணிகளையும் பாயையும் சமையலறைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் அக்காவின் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து, தலையணை உறை மாற்றி, ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தப் போனபோது, உள்ளே ஒருத்தி படுத்திருப்பது போலவே இருந்தது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது போல இருந்தது. என்னுடைய மூச்சாகத்தான் இருக்கும். சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தேன்.

நீங்கள் பயமில்லாமல் தூங்கலாம். நான் வாசல் பார்த்துப் படுத்திருப்பேன். அவள் வந்துவிட்டால், எந்த நேரமானாலும் உங்களை எழுப்புகிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்